நெட் இல்லாத கணினியில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பாவின் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். காலையில் காபி குடித்ததும் கணினியைப் போட்டு, ஸ்பீக்கரைக் கொஞ்சமாக வைத்து, பத்தரை மணி வரை பாட்டுக் கேட்பார். அவர் கேட்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. நான் என் லேப்டாப்பில் வாங்கி, மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகும்போது பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வருவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இதைப் பார்த்த அத்தை, சித்தப்பா, அப்பாவின் நடைப்பயிற்சி நண்பர்கள் எல்லாம் தங்கள் வீட்டிலும் செய்ய முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நெட்டே இல்லாமல் வாங்கிய பாட்டு ஓடுமா?

தாராளமாக ஓடும். பூட்டுப் போடாத ஃபைலாக அது உங்கள் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பூட்டு என்றால் கடையின் அனுமதி இல்லாமல் பாட்டு ஓடாதபடி ஃபைலுக்குள் வைக்கும் தடுப்பு. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பாட்டை ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். உங்கள் கணக்கை ஒருநாளும் பார்த்திராத வேறொரு கணினியில், வைஃபையை அணைத்துவிட்டு, அதைச் செருகி ஓடவிடுங்கள். பாடினால் அது உங்களுடையது. கடவுச்சொல் கேட்டாலோ, இணைப்பு இல்லை என்று சொன்னாலோ, பாட்டு இன்னும் கடைக்காரரிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக ஒரு கடையில் வாங்கத் தொடங்கும்போது, முதலில் ஒரே ஒரு பாட்டை வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, அப்புறம் ஆல்பமாக வாங்குங்கள்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் "டவுன்லோடு" செய்துவைத்திருக்கிறேன். அதைக் காப்பி செய்யலாமா?

முடியாது. அது மாத வாடகை. ஆப்பின் உள்ளே மறைகுறியாக்கப்பட்ட துண்டுகளாகக் கிடக்கும், வெளியே எடுத்தால் எந்த பிளேயருக்கும் புரியாது. ஸ்பாட்டிஃபை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து தலையைக் காட்டச் சொல்கிறது. வராவிட்டால் இறக்கிவைத்த பாட்டுகள் போய்விடும். நெட் இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது.

என் தம்பி அமெரிக்காவில் 2006 வாக்கில் ஐடியூன்சில் வாங்கிய பாட்டுகளைக் கொடுத்தான். பாதி ஓடுகிறது, பாதி ஓடவில்லை. ஏன்?

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். எம்4பி என்று முடிந்தால் பூட்டு உண்டு. எம்4ஏ என்று முடிந்தால் கிடையாது.

கதை இதுதான். ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தபோது, விற்ற எல்லாப் பாட்டுக்கும் ஃபேர்ப்ளே என்ற பூட்டைப் போட்டது. இசை நிறுவனங்கள் அதற்குமேல் இறங்கிவரவில்லை. 2007-ல் இஎம்ஐ நிறுவனம் மட்டும் பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்தது. 2009-ல் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அதுவரை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) தரத்தில் இருந்த பாட்டுகள், பூட்டு போனதோடு 256-க்கும் உயர்ந்தன. உங்கள் தம்பி இந்த மாற்றத்தின் இரண்டு பக்கமும் வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது.

இந்தியாவில் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில்தான் வந்தது. அதனால் இங்கே வாங்கிய பாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டு உறவினர்களின் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து வருபவைதான் சிக்கல்.

எம்4பி ஃபைலுக்கு வழி என்ன? ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள் வரை அனுமதி வாங்கலாம். ஆனால் அந்த அனுமதி வாங்க ஒருமுறையாவது நெட் வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் நெட் இல்லாமலும் அந்தக் கணினியில் ஓடும். நான் சொல்வது வேறு. தம்பியையே தன் கணக்கில் நுழைந்து, அந்தப் பாட்டுகள் இன்னும் கடையில் இருந்தால் மறுபடி இறக்கச் சொல்லுங்கள். பூட்டில்லாத எம்4ஏ வரும். கடையில் இல்லாதவற்றை, அனுமதி உள்ள கணினியில் ஐடியூன்ஸ் மூலமே ஆடியோ சிடியாக எரித்து, அந்த சிடியிலிருந்து திரும்ப எடுக்கலாம். தரம் சற்றுக் குறையும், பாட்டு தப்பிக்கும்.

கடை மூடிவிட்டால் என் பாட்டுகள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை யாரும் வாங்கும் முன்னால் கேட்பதில்லை. நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் எம்எஸ்என் மியூசிக் என்று ஒரு கடை வைத்திருந்தது. பூட்டுள்ள டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்டின் சொந்த ஃபைல் வடிவம்) பாட்டுகளை விற்றது. 2006-ல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி வழங்கும் சர்வரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. பாட்டு உங்கள் கணினியில்தான் இருக்கும், ஓடவும் செய்யும். ஆனால் புதுக் கணினி வாங்கினாலோ விண்டோசை மறுபடி நிறுவினாலோ புதுச் சாவி வேண்டும், அதைத் தர ஆள் இருக்காது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு 2011 இறுதி வரை நீட்டித்தார்கள். அதோடு சரி.

அடுத்தது நம் ஊர்க் கதை. ஃப்ளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. தமிழ்ப் பாட்டுகளும் கிடைத்தன. பூட்டில்லாத எம்பி3, ஒரு பாட்டு சில ரூபாய்தான். அடுத்த ஆண்டே, 2013-ல், மூடிவிட்டார்கள். வாங்கியவற்றை இறக்கிக்கொள்ளச் சிறிது கால அவகாசம் கொடுத்தார்கள். இறக்கிவைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் பாடுகின்றன. "எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்" என்று விட்டவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் கதையில் ஃபைல் கையில் இருந்தும் பூட்டு கெடுத்தது. இரண்டாவதில் பூட்டு இல்லாமலும் சோம்பல் கெடுத்தது. அதனால் நான் பணம் கட்டிய அன்றே இறக்கிவிடுவேன். ரசீதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அந்த ஆல்ப ஃபோல்டரிலேயே போட்டுவிடுவேன்.

எதில் வாங்குவது, எந்த வடிவத்தில்?

ஐடியூன்ஸ் கடையில் தமிழ்ப் படப் பாட்டுகள் நிறைய உண்டு. 256 கேபிபிஎஸ் எம்4ஏ ஆக வரும். தனி இசைக் கலைஞர்களின் பாட்டுகளுக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை நல்லது. எம்பி3, ஃப்ளாக் என்று பல வடிவங்களில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்து இறக்கலாம், பிறகு வேறு வடிவத்திலும் இறக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பேண்ட்கேம்ப் செல்போன் ஆப் கேட்பதற்குத்தான். ஃபைல் வேண்டுமென்றால் பிரவுசரில் அதன் தளத்துக்குப் போய் இறக்கவேண்டும்.

அளவுக் கணக்கு: 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு 12 மெகாபைட். 64 ஜிபி பென்டிரைவில் ஐயாயிரம் பாட்டுக்கு மேல் பிடிக்கும். ஃப்ளாக் என்பது சிடி தரத்தை ஒரு துளியும் இழக்காமல் சுருக்கியது, பெரும்பாலும் சிடியில் இருப்பதில் பாதி அளவுக்குப் பக்கமாக வரும். கிடைத்தால் ஃப்ளாக் வாங்கிவைத்து, காருக்கும் போனுக்கும் அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளுங்கள். எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. போன ஒலி திரும்பி வராது, இடம்தான் அடைக்கும்.

இறக்கியதை எப்படிக் கொண்டுபோவது? என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

செல்போனே போதும். ஆண்ட்ராய்டு போனின் பிரவுசரில் இறக்கினால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஜிப் ஆக, அதாவது எல்லாப் பாட்டையும் சேர்த்துக் கட்டிய ஒரே ஃபைலாக உட்காரும். கேபிளில் கணினியோடு இணைத்து, போன் திரையில் வரும் அறிவிப்பைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் மட்டும் ஏறும், கணினியில் ஒன்றும் தெரியாது. சித்தப்பா இதற்காக மூன்று கேபிள் மாற்றினார்.

ஜிப்பை போனில் பிரிக்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. நெட் இல்லாத கணினியில் செவன்-ஜிப் மென்பொருளை வைத்து அந்த ஜிப்பை "டெஸ்ட்" செய்தால், வழியில் ஏதாவது சிதைந்திருந்தால் அங்கேயே சொல்லிவிடும். ஊருக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கிய பிறகு பாட்டு பாதியில் நிற்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் கிளம்பும் முன் இங்கேயே டெஸ்ட் செய்துவிடுகிறேன். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் உள்ள ஜிப்பை விண்டோஸ் 7 போன்ற பழையவற்றில் அதன் சொந்தக் கருவியால் பிரித்தால் பெயர்கள் கிறுக்கலாகிவிடலாம். செவன்-ஜிப்பில் ஒழுங்காக வரும்.

பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் "சேஃப்லி ரிமூவ்" கொடுங்கள். காப்பி முடிந்ததுபோல் திரையில் தெரிந்தாலும் கடைசிக் கொஞ்சம் இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம்.

நெட் இல்லாத கணினிக்கு வைரஸ் வராது, இல்லையா?

வரும். பென்டிரைவில் வரும். ஒருமுறை போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்பாவின் ஓய்வூதியப் படிவத்தை பிரிண்ட் எடுக்க அதே பென்டிரைவைக் கொடுத்தேன். வீட்டில் செருகினால் எல்லா ஃபோல்டரும் மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கின்றன. அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு ஷார்ட்கட் செய்து வைத்திருந்தது. நல்லவேளை அப்பா கிளிக் செய்வதற்குள் பார்த்துவிட்டேன். பாட்டுகள் அழியவில்லை, மறைக்கப்பட்டுத்தான் இருந்தன. ஆனாலும் அந்த ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது.

அன்றிலிருந்து பாட்டுக்கென்று தனி பென்டிரைவ். சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அது என் லேப்டாப், அப்பாவின் கணினி, இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் செருகப்படாது. விண்டோசில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைக் காட்டும் அமைப்பைப் போட்டுவையுங்கள், பாட்டு போல வேஷம் போடும் நிரலைக் கண்ணாலேயே பிடிக்கலாம். விண்டோஸ் டிஃபெண்டருக்கான புதிய வைரஸ் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனி ஃபைலாக இறக்கிக் கொண்டுபோய் நெட் இல்லாமலே நிறுவலாம். பாட்டோடு அதையும் கொண்டுபோவேன்.

எந்த பிளேயர் நல்லது?

அப்பாவுக்கு ஃபூபார்2000 போட்டிருக்கிறேன். சின்னது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், கணக்கு எதுவும் கேட்காது, நிறுவும் ஃபைலை ஒருமுறை இறக்கினால் போதும். வேறு ஆல்பத்துக்குப் போகும்போது சத்தம் திடீரென்று ஏறி இறங்கும் தொல்லைக்கு அதில் ரீப்ளேகெயின் என்ற வசதி இருக்கிறது. பாட்டுகளை அளந்து, ஃபைலுக்குள் குறிப்புகளுக்கென்று இருக்கும் டேக் என்ற இடத்தில் அந்த அளவை மட்டும் எழுதும், ஒலியைத் தொடாது. மியூசிக்பீ பார்க்க அழகாக இருக்கும். விஎல்சி எதையும் ஓட்டும், ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டை ஒழுங்குபடுத்திவைக்க எனக்கு அது பிடிக்கவில்லை. விண்டோஸ் 7-ன் சொந்த பிளேயர் எம்4ஏ ஓட்டும், ஃப்ளாக் ஓட்டாது. விண்டோஸ் 10-லிருந்து ஃப்ளாக்கும் ஓடும்.

மென்பொருள் இறக்கும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றின் நிறுவி ஃபைல் ஒன்றிரண்டு மெகாபைட்தான் இருக்கும், மீதியை நெட்டிலிருந்து எடுக்கும். நெட் இல்லாத கணினியில் அது நடுவில் நின்றுவிடும். முழு நிறுவியைத் தேடி எடுங்கள்.

ஒரே படத்தின் ஆறு பாட்டு ஆறு ஆல்பமாகப் பிரிந்து நிற்கிறது. என்ன செய்வது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கும் இதைப் பற்றிப் பேசத்தான் அதிகம் பிடிக்கும்.

பிளேயர் ஃபைல் பெயரைப் பார்ப்பதைவிட, பாட்டுக்குள் இருக்கும் டேக் எனப்படும் குறிப்பைத்தான் பார்க்கிறது. ஆங்கில ஆல்பங்களில் ஒரு பாடகர், ஒரு ஆல்பம், விஷயம் முடிந்தது. நம் படப் பாட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு பாடகர். "ஆர்டிஸ்ட்" என்ற இடத்தில் ஒன்றுக்கு ஒரு பெயர், அடுத்ததற்கு இரண்டு பெயர். பிளேயர் இவை வெவ்வேறு ஆல்பம் என்று நினைத்துப் பிரித்துவிடுகிறது. மருந்து "ஆல்பம் ஆர்டிஸ்ட்" என்ற இன்னொரு இடம். அதில் ஆறு பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போடுங்கள். ஆறும் ஒன்றாகிவிடும்.

நான் வைத்திருக்கும் முறை: ஆல்பம் என்றால் படத்தின் பெயர். ஆல்பம் ஆர்டிஸ்ட் இசையமைப்பாளர். ஆர்டிஸ்ட் பாடியவர்கள். பாடலாசிரியரைக் குறிப்பு இடத்தில் போடுவேன், பல கடைகள் அவர் பெயரையே போடுவதில்லை, எனக்கு அது பொறுக்காது. ஆண்டைக் கட்டாயம் சரிபாருங்கள். படம் வந்த ஆண்டு இல்லாமல், பாட்டு இணையத்தில் ஏற்றப்பட்ட ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். 1970-களின் பாட்டெல்லாம் 2014 என்று நிற்கும். ஆண்டு வரிசையில் கேட்கப் பிடித்தவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. இளையராஜா பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு "எல்"லா இரண்டா, கடைசியில் ஒரு "ஏ"யா இரண்டா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அப்பாவின் கணினியில் அவர் நான்கு பேராக இருந்தார். எம்எஸ்வி ஒரு இடத்தில் முதலெழுத்துகளோடு தனியாக, இன்னொரு இடத்தில் முழுப்பெயரோடு, வேறொரு இடத்தில் ராமமூர்த்தியோடு சேர்த்து இருந்தார். கடைசியது வேறு விஷயம், அவர்கள் இருவரும் இரட்டையராக இசையமைத்த படங்கள் அவை, 1965 வரை. அதைப் போய் ஒருவர் பெயரோடு சேர்த்துவிடாதீர்கள். மற்ற வித்தியாசங்களை எம்பி3டேக் என்ற மென்பொருளில் வரிசையாகத் தேர்ந்து ஒரே தட்டில் மாற்றிவிடலாம். பெயர் வரிசையில் சரிந்து சரிந்து நின்ற நாற்பது வரிகள் ஒரே நொடியில் ஒன்றுபோல ஆகும். பார்க்கவே நிறைவாக இருக்கும்.

கர்நாடக சங்கீதத்துக்கு வேறு கணக்கு. அங்கே பாடியவர், இயற்றியவர், ராகம், தாளம் நான்கும் வேண்டும். பாடியவரை ஆர்டிஸ்ட்டிலும் இயற்றியவரை கம்போசரிலும் போடுங்கள். ராகத்துக்கு "ராகம்" என்றே புதிய இடம் ஒன்று எம்பி3டேகில் உண்டாக்கலாம், ஃபூபார் அதை எடுத்துக் காட்டும். அப்பா இப்போது காலையில் பூபாளம், பௌளி என்று தேடி எடுத்துக் கேட்கிறார். அதற்காக நான் நான்கு சனி ஞாயிறு உட்கார்ந்தேன்.

நெட்டில் தேடி டேகைத் தானாக நிரப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. நெட் உள்ள கணினியில் அதைச் செய்துவிட்டுக் கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்கு மொழிமாற்றின் பெயரைப் போட்டுவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

டேகில் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பழைய டேக். எம்பி3-யின் முதல் டேக் முறையான ஐடி3 1996-ல் வந்தது. ஃபைலின் கடைசி 128 பைட்டில் எல்லாவற்றையும் அடைக்கவேண்டும், தலைப்புக்கு 30 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "கி" என்றால் க ஒன்று, மேலே உள்ள கொக்கி ஒன்று, ஆக 6. அப்படியே எழுதினாலும் நான்கைந்து எழுத்தோடு தலைப்பு வெட்டுப்படும். எம்பி3டேகில் ஐடி3வி2.3 என்ற பிந்தைய டேக் முறையைத் தேர்ந்து எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். ஃப்ளாக்கில் முதலிலிருந்தே யுடிஎஃப்-8தான், கவலையில்லை.

இரண்டாவது, எழுத்துரு. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஆதரவைத் தனியாகப் போடவேண்டும். மூன்றாவது, யாராவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டேக் எழுதியிருப்பார்கள். அது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குழப்பமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும்.

அகரவரிசையும் நாம் நினைப்பதுபோல் வராது. யூனிகோடில் ஜ எழுத்து ச-வுக்கு அடுத்து இருக்கிறது, ற எழுத்து ர-வுக்கு அடுத்து. அதனால் ஜானகி, ஜிக்கி பெயர்கள் சில பிளேயர்களில் ச வரிசை முடிந்ததும் வரும், சிலவற்றில் கடைசியில் வரும். பழகிக்கொள்ளுங்கள்.

பழைய மேக்கிலிருந்து ஃபைல் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் இன்னொன்று. "கொ" என்பதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து மேக் சேமிக்கும். விண்டோசில் தட்டினால் ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர். ஒரே பாட்டு இரண்டு தடவை நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் இருக்கும் சிடிகளை ஏற்றினால் "டிராக் 1, டிராக் 2" என்று வருகிறது.

பாட்டுப் பெயர்கள் பெரும்பாலான சிடிகளில் கிடையாது. மென்பொருள் அதை நெட்டில் கேட்டுத்தான் வாங்குகிறது. அட்டையைப் பார்த்துக் கையால் தட்டுங்கள். ஒரு சிடிக்குப் பத்து நிமிடம்.

அட்டைப் படம்?

டேகுக்குள்ளேயே பதித்துவிடுங்கள், 600-க்கு 600 அளவு போதும். மூவாயிரம் அளவுப் படத்தை ஒவ்வொரு பாட்டிலும் பதித்தால் இடமும் வீண், சில கார் பிளேயர்கள் திணறும்.

பேக்கப் எப்படி?

கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. மூன்றாவது என்னிடம் இருக்கிறது. பென்டிரைவை மட்டும் நம்பி மூலப் பிரதியை வைக்காதீர்கள். அது பாட்டைச் சுமந்துபோகும் பைதான், பீரோ கிடையாது.

காப்பி செய்தால் மட்டும் போதாது, சரியாக வந்ததா என்று பார்க்கவேண்டும். டெராகாப்பி என்ற மென்பொருள் காப்பி முடிந்ததும் இரண்டையும் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். ஃப்ளாக் ஃபைல் தன் அசல் ஒலியின் கைரேகையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, அதனால் பத்து வருடம் கழித்தும் சோதிக்கலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், யூபிஎஸ் இல்லாமல் பெரிய காப்பி எதையும் தொடங்காதீர்கள்.

நெட் இல்லாத கணினியில் இன்னொரு தொல்லை, தேதி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நெட் இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளும், இங்கே வழியில்லை. "புதியதை மட்டும் காப்பி செய்" என்று சொல்லும் பேக்கப் மென்பொருள்கள் இதில் ஏமாந்து, நேற்று திருத்திய டேகைப் பழையது என்று தள்ளிவிடும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் சின்ன பேட்டரி அது. மாற்றிவிடுங்கள்.

பழைய ஐபாடிலிருந்து பாட்டை எடுக்க முடியுமா?

ஐடியூன்ஸ் பாட்டை உள்ளே அனுப்பும், சாதாரணமாக வெளியே தராது. ஆனால் பழைய ஐபாட்களை டிஸ்க் ஆகத் திறந்து, மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்தால், மியூசிக் ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள் தெரியும். உள்ளே நான்கு எழுத்துக் குழப்பப் பெயர்களில் எல்லாப் பாட்டும் இருக்கும். அப்படியே காப்பி செய்து எம்பி3டேகில் போட்டு, டேகைப் பார்த்துப் பெயரை மாற்றச் சொன்னால் எல்லாம் தன் பெயருக்குத் திரும்பிவிடும். டேக் ஒழுங்காக இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

காருக்கு?

பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து எம்பி3 போடுங்கள். ஃபைல் பெயர் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கட்டும். பல கார் பிளேயர்கள் தமிழைக் காட்டாது, அதற்கான காப்பியில் மட்டும் ஆங்கிலப் பெயர் வையுங்கள். சில பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடாமல், காப்பி ஆன வரிசையில் பாடும். அப்படியானால் ஆல்பம் ஆல்பமாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள்.

வாங்கியதைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாமா?

உங்கள் வீட்டுக் கணினி, உங்கள் கார், உங்கள் பேக்கப் இவற்றுக்குக் காப்பி செய்வதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை, அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவேன். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் அது தனி. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதும் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இங்கே குற்றம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஐடியூன்சில் வாங்கிய எம்4ஏ ஃபைலுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் எழுதப்பட்டிருக்கும். பென்டிரைவ் கைமாறினால் அதுவும் சேர்ந்து கைமாறும்.

கணினி பழசாகிவிட்டது. புதியதற்கு மாறும்போது என்ன கவனிக்கவேண்டும்?

பாட்டு ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் பாட்டும் டேகும் படமும் வந்துவிடும். வராமல் போவது பிளேலிஸ்ட். அதில் பாட்டு இருக்கும் இடத்தின் முழு விலாசம் எழுதியிருக்கும். பழையதில் டி டிரைவ், புதியதில் இ டிரைவ் என்றால் எல்லா வரியும் செத்துவிடும். அதனால் பிளேலிஸ்டை எம்3யு8 என்ற பிளேலிஸ்ட் வடிவத்தில், பாட்டு ஃபோல்டருக்கு உள்ளேயே, சார்பு விலாசத்தோடு (டிரைவ் எழுத்து இல்லாமல், பிளேலிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் விலாசம்) சேமித்துக்கொள்ளுங்கள். அல்லது புதிய டிரைவுக்குப் பழைய எழுத்தையே கொடுங்கள். எத்தனை தடவை கேட்டோம் என்ற எண்ணிக்கையையும் நட்சத்திரக் குறிகளையும் பிளேயர் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருக்கும், அந்த பிளேயரின் அமைப்பு ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள்.

பழைய கணினியை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதியதில் ஒரு மாதம் கேளுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது வாரம்தான், "அந்த வயலின் கச்சேரி எங்கே?" என்று அப்பா கேட்டார். அது டெஸ்க்டாப்பில் தனியாக ஒரு ஃபோல்டரில் கிடந்தது. பழைய கணினி பரணில் இருந்ததால் எடுத்துக்கொடுக்க முடிந்தது.